ஏழு பேரும் ஒரு போட்டும்: மட்டக்களப்புக் குடும்பம் ஒன்று ஜீப் தேடிய நிகழ்வு ஆய்வு

ஏன் எழுதுகிறேன்

மட்டக்களப்பில் 20 வருடத்துக்கு மேலாகக் கராஜ் வைத்திருக்கிறேன். பழைய வாகனம் வாங்குமுன் "அண்ணன், ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கூட்டிப்போகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணித்தியால வேலைதான். 2024 தை மாதம் வந்த ஒரு குடும்பத்தின் வேலை மட்டும், வாகனம் வாங்கும்வரை நாலு மாதமும் வாங்கிய பிறகு ஒன்றரை வருடமும் நீண்டது. அவர்களிடம் கேட்டு, பெயர்களை விட்டு, நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஜீப் வாங்கினால் போட்டையும் அதிலேயே இழுக்கலாம் என்று நினைக்கிற வீடுகள் எங்கள் கரையோரத்தில் வேறும் உண்டு. அவர்கள் காசைக் கொடுக்குமுன் இதை வாசித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பின்னணி

வீட்டில் ஏழு பேர். கணவர் பாடசாலை ஆசிரியர், மனைவி தாதி. 16, 12, 7 வயதில் மூன்று பிள்ளைகள். எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருப்பு என்பதால் மனைவியின் தாய் தகப்பனும் கூடவே இருக்கிறார்கள். மாமிக்கு முழங்கால் தேய்வு, மாதம் ஒரு கிளினிக். மாமா வாவியில் தொழில் செய்து வளர்ந்தவர். போட் இன்றைக்கும் அவருடைய பொறுப்பில்தான்.

அது 20 அடி பைபர் போட், 40 குதிரை வலு இஞ்சின். வருடத்தில் பாதி நாள் கல்லடிப் பக்கம் வாவியில் கண்டல் காடும் பறவையும் பார்க்க ஆட்களை ஏற்றுவார்கள். சித்திரையில் இருந்து புரட்டாதி வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும் காலத்தில் வடக்கே காயங்கேணிப் பக்கம் கொண்டுபோவார்கள். பவளப்பாறை பார்க்க வருகிறவர்கள் அங்கேதான். ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பாலம், மாங்கேணி என்று 45 கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட வரும். இவ்வளவு காலமும் போட்டை வாடகை ட்ராக்டர் இழுத்தது, குடும்பத்தைப் பழைய டொல்பின் வேன் ஏற்றியது. 2023 மார்கழியில் வேனின் இஞ்சின் கைவிட்டது. வந்த விலைக்கு விற்றார்கள்.

காலமும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போது இன்னும் திறக்கவில்லை. தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திறந்தது. 15 வருடம் ஓடிய வண்டிக்குச் சொன்ன விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். வேன் விற்ற காசு, ஒரு காணித் துண்டு விற்ற காசு, மிச்சத்துக்கு லீசிங் என்று திட்டம். தவறான வண்டி வந்து சேர்ந்தால் அதை மாற்றிக்கொள்ள இரண்டாவது காணி இல்லை.

முதல் நாள் கணவர் சொன்னது இவ்வளவுதான்: "ஏழு பேரும் இருக்க வேணும், போட்டையும் இழுக்க வேணும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா வேணும். பிராடோ ஒண்டு பார்த்து வச்சிருக்கம் அண்ணன்." போட் எவ்வளவு நிறை என்று கேட்டேன். "ஒரு 700 கிலோ வரும்" என்றார். நிறுத்துப் பார்த்தீர்களா என்றதற்குப் பதில் இல்லை.

மாங்கேணி நேர்ரோட்டில் நடந்தது

வாகனம் தேடிக்கொண்டிருக்கும்போதே, 2024 மாசியில், வழமையான காலத்துக்கு முன்பே, உறவுக்காரர் ஒருவரின் டபுள் கெப்பை வாங்கிப் போட்டைக் காயங்கேணிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் ஒரு வெல்டிங் கடையில் செய்த ட்ரெய்லர். ட்ராக்டரில் ட்ரெய்லர் பூட்டும் ஊசி மாதிரி, பம்பரோடு ஒட்டிய ஒரு கொக்கி. ஓட்டமாவடி தாண்டும்வரை பிரச்சினை எதுவும் இல்லை.

மாங்கேணிக்குக் கிட்ட நேர்ரோட்டில் வேகம் 70ஐத் தொட்டபோது ட்ரெய்லர் பின்னால் வால் ஆட்டத் தொடங்கியது. கணவர் பயத்தில் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் கூடியது. கெப்பின் பின்பக்கமே இடமும் வலமுமாக இழுபட்டது. பக்கத்தில் இருந்த மாமா "காலை எடு மகன், காலை எடு" என்று கத்த, அவர் பிரேக்கை விட்டு, ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு, வண்டி தானாக வேகம் குறையும்வரை காத்திருந்தார். 40க்கு இறங்கியபோது ஆட்டம் நின்றது. எதிரே பஸ் எதுவும் வராதது அவர்கள் செய்த புண்ணியம்.

அடுத்த நாள் கராஜுக்கு வந்து, "கெப்புக்குப் பலம் காணாது அண்ணன், இன்னும் பெரிய ஜீப் வேணும்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கெப்புக்கு இழுக்கப் பலம் இருந்தது. குறை கொளுவியிருந்த பொருளில் இருந்திருக்க வேண்டும். வாகனத் தேடலை நிறுத்தி, முதலில் போட்டைப் பார்ப்போம் என்று சொன்னேன். இந்தக் கதையில் நாங்கள் எடுத்த முக்கியமான முடிவு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நிறுத்துப் பார்த்தது

நெல் லொறி நிறுக்கும் தராசு உள்ள ஆலை ஒன்றில் சொல்லி, ட்ரெய்லரைப் போட்டோடும் இஞ்சினோடும் இரண்டு கான் எண்ணெயோடும் ஏற்றினோம். 1,180 கிலோ. கணவர் நினைத்ததை விட 480 கிலோ கூட. மாமா நம்பாமல் இரண்டாம் தரமும் ஏற்றச் சொன்னார். அதே எண்தான்.

பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் இந்த வகை ஜீப்புகளின் கையேடுகள் சொல்லும் எல்லை 750 கிலோ. பிரேக் பூட்டியிருந்தால் அதே வண்டிக்கு 2,500 கிலோவுக்கு மேலும் அனுமதி இருக்கும். விற்கிறவர்கள் வாயில் வருவது இந்தப் பெரிய எண் மட்டும்தான். எங்கள் வெல்டிங் கடைகளில் செய்யும் போட் ட்ரெய்லர்களில் பிரேக் பூட்டி நான் கண்டது குறைவு. இழுத்துக்கொண்டு போவது இஞ்சினின் வேலை, அதை எந்த ஜீப்பும் செய்துவிடும். ஏறாவூர்ச் சந்தியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் 1,180 கிலோவும் சேர்ந்து நிற்க வேண்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லர் நிற்காது, முன்னால் உள்ள வண்டியைத் தள்ளும்.

அடுத்தது கொக்கியில் இறங்கும் பாரம். இதற்குப் பெரிய தராசு தேவையில்லை. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசை நிலத்தில் வைத்து, அதன்மேல் கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ட்ரெய்லரின் மூக்கை அதில் இறக்கினோம். 41 கிலோ காட்டியது. மொத்த நிறையில் நூற்றுக்கு மூன்றரைதான். பத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் போயிருந்ததால் மூக்கு லேசாகி, வேகம் ஏறும்போது வால் ஆடியது. மாங்கேணியில் நடந்ததற்குக் காரணம் அந்தத் தராசு முள்ளில் தெரிந்தது.

முன்பக்கத்தில் போட்டின் மூக்கு முட்டி நிற்கும் தூணைக் கழற்றி 25 சென்ரிமீற்றர் முன்னால் பூட்டினோம். போட் அவ்வளவு முன்னுக்கு வந்தது. திரும்ப நிறுத்தால் 108 கிலோ. ஒரு பின்னேர வேலை, மாமாதான் ஸ்பனர் பிடித்தார்.

சரி, ஆனால் அந்த 108 கிலோவை இனி வாகனத்தின் பின்புறம் சுமக்க வேண்டும். ஏழு இருக்கை வண்டி தேடுகிறவர்களில் நான் கண்ட பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு ஜீப் சுமக்கக்கூடிய பாரத்தில் இருந்துதான் ஆட்கள், பொதிகள், கொக்கியில் இறங்கும் பாரம் எல்லாவற்றுக்கும் பங்கு போக வேண்டும். அதிலும் மூன்றாம் வரிசையில் இருக்கிறவர்கள் பின் அச்சுக்கு மேலே அல்லது பின்னால் இருக்கிறார்கள், கொக்கி அதற்கும் பின்னால். இரண்டும் சேர்ந்தால் பின்பக்கம் அமர்ந்து முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும்.

கலண்டரில் எழுதியது

ஏழு பேரும் போட்டும் ஒரே நாளில் எத்தனை தரம் போகிறீர்கள் என்று கேட்டேன். கணவர் "அடிக்கடி" என்றார், மனைவி "எப்பவாவது" என்றார். சுவர்க் கலண்டரில் எழுதச் சொன்னேன். பெரிய பெண்பிள்ளை அந்த வேலையை எடுத்துக்கொண்டு, யார் போனார்கள், எங்கே, போட் போனதா என்று ஆறு கிழமை விடாமல் எழுதினாள். அந்த 42 நாளில் ஏழு பேரும் ஒன்றாகப் போனது 5 நாள். மாமாங்கம் கோயில், இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு, கொக்கட்டிச்சோலை. போட் இழுபட்டது 9 நாள். இரண்டும் ஒன்றாக ஒரே ஒரு நாள், அதுவும் பிள்ளைகள் கேட்டதால் கொக்கட்டிச்சோலைக்குப் போன உல்லாசப் பயணம்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு தேவை மாறியது. ஏழு பேரையும் ஏற்றி, போட்டையும் இழுத்து, பொதியும் வைக்கிற ஒரு மகா வண்டி தேவையில்லை. ஒரு நாள் ஏழு பேரை வசதியாக ஏற்றவும், இன்னொரு நாள் மூன்றாம் வரிசையை மடித்துவிட்டுப் போட்டை இழுக்கவும் கூடிய வண்டி போதும்.

ஏழு பேரும் போய்ப் பார்த்தது

இதற்குப் பிறகு பங்குனியிலும் சித்திரையிலும் வண்டி பார்த்தோம். ஒரு நிபந்தனை வைத்தேன்: எந்த வண்டி பார்க்கப் போனாலும் ஏழு பேரும் வர வேண்டும். விற்கிறவர்கள் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

முதலில் கணவர் ஆசைப்பட்ட பிராடோ, 120 வகை. உறுதியான சேஸிஸ், எப்போதும் நாலு சக்கரத்திலும் ஓட்டம். ஆனால் மூன்றாம் வரிசை பக்கச் சுவரோடு மடிந்து தொங்குகிற வகை, மடித்த பிறகும் பின்னால் இடத்தைத் தின்னும். அதெல்லாம் பொறுக்கலாம். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் உரிமையாளர் விற்கிறவர் இல்லை, அவருக்கு விற்றவரும் இல்லை. ஓபன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமல் கையெழுத்துத் தாளை மட்டும் கொடுத்து, இரண்டு கை மாறியிருந்தது, நிதி நிறுவனம் ஒன்றின் உரிமையும் இன்னும் நீங்கவில்லை. "அது சும்மா ஒரு கடிதம்தான் தம்பி" என்றார் புரோக்கர். எழும்பி வந்துவிட்டோம்.

அடுத்துப் பார்த்த கியா சொரென்டோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனைவி விரும்பியது அதைத்தான். என் நண்பர் ஒருவரிடம் இரண்டாம் தலைமுறை 2.2 டீசல் இருந்தது. ஒரு காலை முழுக்கத் தந்தார். மாமி அதில் யாருடைய கையும் பிடிக்காமல் ஏறினார். மனைவி ஓட்டிப் பார்த்துவிட்டு, கார் மாதிரி இருக்கிறது, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் நிறுத்தவும் லேசு என்றார். நூற்றுக்கு நூறு உண்மை.

பிறகு துறைக்குக் கொண்டுபோய்ப் போட்டைக் கொளுவினோம். கெட்டி மண்ணில் இழுத்தது. தண்ணீர் ஓரத்துப் பொருமல் மணலில் முன்சக்கரம் சுழன்று தோண்டத் தொடங்கியது. அந்த வண்டி அடிப்படையில் முன்சக்கரம் இழுக்கிற வண்டி, தேவைப்படும்போது பின்சக்கரத்துக்கும் பங்கு போகும். கொக்கியில் பாரம் ஏறி, மேட்டைப் பார்த்து நிற்கும்போது நிறை பின்னால் போய் முன்சக்கரத்தின் பிடி குறைகிறது. லோ கியரும் இல்லை, அதனால் மெல்ல ஊர்ந்து ஏறவும் வழியில்லை. மாமா பக்கத்து வேலியில் கிடந்த இரண்டு கிடுகை எடுத்துவந்து சக்கரத்தின் கீழ் கொடுத்தார். மூன்று பேர் தள்ள வெளியே வந்தது. நண்பரின் வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தோமே என்று இருந்தது.

கல்முனையில் ஒரு மொன்டேரோ ஸ்போர்ட், 2.5 டீசல். சேஸிஸும் லோ கியரும் திருப்தி. மூன்றாம் வரிசையில் தளம் உயரம், 12 வயதுப் பையனுக்கே முழங்கால் நாடியில் முட்டியது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று சொல்ல ஆள் இல்லை.

பிறகு மொன்டேரோ, 2006க்குப் பின் வந்த நாலாம் தலைமுறை, 3.2 டீசல் ஓட்டோ. முதலில் பார்த்தது கடற்கரைக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டில். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுக்கம். கீழே படுத்துப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. விற்கிறவரிடம் கேட்டுவிட்டு, பின் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். இது கடதாசி மட்டை மாதிரிச் சத்தம் தந்தது. நாலாவது தட்டில் பூச்சு உதிர்ந்து, உள்ளே செந்துருப் பொடி கையில் கொட்டியது. இழுவைக் கொக்கி பூட்ட வேண்டிய இடமே அதுதான். விற்கிறவருக்கே அது தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தால் விளங்கியது.

இரண்டாவது மொன்டேரோ அம்பாறை நகரில் கிடைத்தது, 2008ஆம் ஆண்டு வண்டி. கடல் உப்பு எட்டாத இடம், அடிப்பக்கம் சுத்தம், சேர்விஸ் தாள்கள் கையில் இருந்தன. லோ கியர் போட்டுப் பார்த்தபோது டாஷ்போட்டில் நாலு சக்கர விளக்கு நிற்காமல் மின்னியது. அந்த வண்டிகளில் அது அடிக்கடி வருகிற கோளாறு. சிறிய வால்வு அல்லது சுவிட்ச் வேலை, ஆனால் விலை பேச உதவியது.

அந்த வண்டிக்குக் கீழே நான் படுத்திருந்தபோது மாமி ஏற முயன்றுகொண்டிருந்தார். "இதுக்கு ஏற எனக்கு ஒரு கதிரை வேணும் மனே" என்று மருமகனிடம் சொன்னது கேட்டது. ஏறி முன் இருக்கையில் இருந்த பிறகு இறங்க மனமில்லாமல் இருந்தார். கடைசி வரிசை இருக்கைகள் தளத்துக்குள்ளேயே மடிந்து மறைகிற வகை. மடித்தால் பின்பக்கம் முழுக்கச் சமதளம். சின்னவர்கள் இருவரும் அதில் இருந்து பார்த்துச் சரி என்றார்கள்.

முடிவு

அன்றிரவு அவர்கள் வீட்டில் இருந்து பேசினோம். மனைவி கேட்ட கேள்வி இது: "வருசத்தில் 60, 70 நாள் போட் இழுக்கிறதுக்காக மிச்ச 300 நாளும் நான் அந்தப் பெரிய வண்டியை ஓட்ட வேணுமா? சொரென்டோவை வாங்கிட்டு, துறையில மட்டும் ட்ராக்டர் பிடிச்சா என்ன?" நியாயமான கேள்வி. காகிதத்தில் கணக்குப் போட்டோம். கல்லடிப் பக்கத்தில் ட்ராக்டர் கிடைக்கும். காயங்கேணியில் விடியற்காலை ஐந்தரைக்கு ட்ராக்டர் வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள், சுற்றுலாக்காரர் காத்திருக்க மாட்டார்கள். மாமாவும் பொருமல் மணலில் கிடுகு கொடுத்ததை மறக்கவில்லை. கடைசியில் மொன்டேரோ என்று முடிவானது. மனைவி வேலைக்குத் தன் ஸ்கூட்டியிலேயே போவதாக ஒப்புக்கொண்டார். அவர் விட்டுக்கொடுத்ததுதான் அது, மனம் நிறைந்து சம்மதித்ததாகச் சொல்ல மாட்டேன்.

2024 வைகாசியில் வண்டி வந்தது. வாகனத்துக்கென்று ஒதுக்கிய காசில் இருந்து ஏறக்குறைய 3 இலட்சத்தை நான் பிடிவாதமாக ட்ரெய்லருக்கு எடுக்க வைத்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பழைய தள்ளு பிரேக் கூட்டு ஒன்று வருவித்தோம். வாகனம் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளுகிற தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்கும் வகை. பம்பர்க் கொக்கியை எறிந்துவிட்டு, சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கும் இழுவைச் சட்டமும் 50 மில்லிமீற்றர் உருண்டையும் பூட்டினோம். கீழே குறுக்காக இரண்டு சங்கிலி. வெடித்திருந்த பழைய கார் ரயர்களுக்குப் பதில் பாரம் தாங்கும் ரயர். பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றையும் கணவர் ரோட்டில் ஏறுமுன்பே கேட்டுச் சரிப்படுத்தினார்.

பிறகு ஒருநாள் முழுக் குடும்பமும் ஆலைத் தராசுக்குப் போனது. வண்டி மட்டும், டாங்கி நிறைய டீசலோடு, 2,340 கிலோ. கையேட்டின்படி மொத்த எல்லை 3,030. ஆக 690 கிலோ சுமக்கலாம். ஏழு பேர் 403, கொக்கியில் 108, ஐஸ் பெட்டியும் பைகளும் 60. மிச்சம் 119 கிலோ. மொத்தத்தில் தப்பியது. பின்சக்கரங்களை மட்டும் தராசில் ஏற்றியபோது பின் அச்சின் எல்லைக்கு 60 கிலோதான் மிச்சம். அந்த எண்ணைக் கணவர் கண்ணாடி ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

வாங்கிய பிறகு

முதல் பயணம் 60இல் காயங்கேணி வரை. வால் ஆட்டம் இல்லை. ஓட்டோ கியர் நாலுக்கும் ஐந்துக்கும் மாறி மாறிக் குதித்தது. அப்படிக் குதிக்கும்போதுதான் கியர் எண்ணெய் கொதிக்கும். போட் கொளுவினால் கையால் நாலில் நிறுத்தி ஓட்டச் சொன்னேன், மூன்றாம் கிழமை கியர் எண்ணெய்க்குத் தனிக் கூலரும் பூட்டினேன். தனியே ஓடும்போது லீற்றருக்கு எட்டரை கிலோமீற்றர், போட்டோடு ஆறு. டீசல் செலவு அவர்கள் நினைத்ததை விடக் கூட என்பதை மறைக்கக் கூடாது.

துறையில் லோ கியர் தன் வேலையைச் செய்தது. காலை பிரேக்கில் இருந்து எடுத்தால் போதும், வண்டி தானாக ஊர்ந்து போட்டை வெளியே கொண்டுவரும்.

ஆடி மாதம் ட்ரெய்லரின் ஒரு பேரிங் உடைந்தது. குறை என்மேல்தான், நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். 45 கிலோமீற்றர் ஓடிச் சூடான ஹப்பை நேரே உப்புத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிறீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தது. இப்போது துறைக்குப் போனதும் அரை மணித்தியாலம் நிறுத்தி, கையை வைத்துச் சூடு ஆறியதைப் பார்த்த பிறகே இறக்குகிறார்கள். திரும்பி வந்ததும் ட்ரெய்லரின் பிரேக் டிரம், ஜீப்பின் அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் கிணற்றுத் தண்ணீர்.

ஆவணியில் மாமாவின் கண் சிகிச்சைக்காக ஏழு பேரும் கண்டி போனார்கள். செங்கலடியால் ஏறி, மகா ஓயா, மகியங்கனை, பதினெட்டு வளைவு. மூன்றாம் வரிசையில் இருந்த சின்னவன் எட்டாவது வளைவில் வாந்தி எடுத்தான். திரும்பும்போது அவனை நடு வரிசைக்கு மாற்றி, பெரியவள் பின்னால் போனாள். மலைப் பாதையில் பின் அச்சுக்கு மேல் சின்னப் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

2024 கார்த்திகையில் வெள்ளம் வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த உறவினரைக் கூட்டிவரக் கணவர் புறப்பட்டார், நாலு சக்கர வண்டிதானே என்ற நினைப்பு. மனைவி திறப்பை எடுத்து வைத்துக்கொண்டார். அதே நாட்களில்தான் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிய ட்ராக்டர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். ட்ராக்டரை விட உயரமான ஜீப் இல்லை. 700 மில்லிமீற்றர் ஆழம் தாண்டும் என்று கையேட்டில் இருப்பது நின்ற தண்ணீருக்கு, வீதிக்குக் குறுக்கே பாயும் தண்ணீருக்கு இல்லை.

2025 மாசியில், வண்டி நிற்கும்போது இஞ்சினின் வேகம் தானாக ஏறி இறங்கத் தொடங்கியது, ஒருநாள் சந்தியில் நின்றேவிட்டது. டீசல் பம்பில் உள்ள அளவு வால்வு. அந்த 3.2 இஞ்சினுக்குத் தெரிந்த வியாதி. மாற்றியதும் சரியானது. கூடவே உள்ளிழுக்கும் குழாயில் விரல் தடிப்புக்குக் கரி படிந்திருந்தது, அதையும் சுத்தம் செய்தோம்.

மாமிக்கு ஒரு தச்சரிடம் 20 சென்ரிமீற்றர் உயரப் படி செய்து கொடுத்தார்கள். அது வண்டியிலேயே இருக்கிறது. ஏறும் நேரம் பேரன்தான் எடுத்து வைப்பான்.

இனிச் செய்வதென்றால்

முதல் நாளே தராசுக்குப் போயிருப்பேன். மாங்கேணியில் அவர்கள் உயிரைப் பணயம் வைத்த பிறகு நிறுத்துப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் மனக்குறை. போட் ட்ரெய்லர் வைத்திருக்கும் யாரும் வாகனம் பற்றிக் கேட்டு வந்தால் இப்போது நான் முதலில் கேட்பது தராசுச் சிட்டை.

ட்ரெய்லருக்கான காசை வாகன விலைக்கு முன்பே ஒதுக்கச் சொல்வேன். இவர்கள் வண்டியைப் பேசி முடித்த பிறகு அந்த 3 இலட்சத்தை எடுத்ததால் லீசிங் கூடியது. அதைக் கட்டி முடிக்க அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

பின் ஸ்பிரிங்கையும் வாங்கும்போதே மாற்றியிருக்க வேண்டும். 16 வருடம் தாங்கிய ஸ்பிரிங், 108 கிலோ தொங்கும்போது பின்பக்கம் 5 சென்ரிமீற்றருக்கு மேல் அமர்ந்து, முன்விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன்.

மனைவியின் கேள்விக்கு ஒரு இரவு போதாது என்றும் நினைக்கிறேன். இரண்டு கிழமை அவரே மொன்டேரோவை வேலைக்கு ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுத்திருக்கலாம். முடிவு மாறியிருக்காது என்றே நம்புகிறேன், ஆனால் மாரியில் ஸ்கூட்டியில் நனைந்துகொண்டு போகும் அவரைக் கல்லடிப் பாலத்தில் காணும்போதெல்லாம் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடுகிறது.

புது ஸ்பிரிங் வந்துவிட்டது. போட்டை இந்த வருடக் காயங்கேணியில் இருந்து திருப்பிக் கொண்டுவந்ததும் வண்டி கராஜுக்கு வரும். பூட்டிய பிறகு ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் ஆலைத் தராசுக்குப் போவதாக இருக்கிறோம். பிள்ளைகள் மூவரும் இந்த இரண்டு வருடத்தில் வளர்ந்துவிட்டார்கள், பழைய 403 கிலோ இனிக் கணக்குக்கு உதவாது.